கடல் தொட்டிக்கு ஒரு கங்காணி: வீட்டுப் பவளத் தொட்டியும் தானியங்கிக் கருவிகளும்

தோட்டத்து லோங்காங்கில் கப்பி மீன் பிடித்துப் போத்தலில் வளர்த்தது ஒரு தலைமுறை. தாமான் வீட்டுக்கு மாறியதும் வரவேற்பறையில் தங்கமீனும் அரோவானாவும் வந்தன. அந்தப் பிள்ளைகளில் சிலர் இப்போது பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலும் கிள்ளான் தரை வீட்டிலும் நீல விளக்கின் கீழ் உயிருள்ள பவளம் வளர்க்கிறார்கள். இது இன்னும் சிறிய கூட்டத்தின் பொழுதுபோக்குதான். ஆனால் பணமும் உயிரும் சம்பந்தப்பட்டது.

தொட்டி வைத்துச் சில மாதம் ஆனதுமே காதில் விழும் சொல் ‘கண்ட்ரோலர்’. வெப்பம், உப்பு, நீர்மட்டம், விளக்கு, மருந்து ஊற்றும் பம்பு எல்லாவற்றையும் தானே கவனித்து, கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் கருவி. ஓரிரு நூறு வெள்ளிக்கும் கிடைக்கிறது, பல ஆயிரம் வெள்ளிக்கும் கிடைக்கிறது. இதை வாங்கினால் தொட்டியை மறந்துவிடலாம் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம்.

பவளம் செடியல்ல, விலங்கு. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து, வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரித்துக் கொடுக்கிறது. நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். பிறகு வெளுத்து, பட்டினி கிடந்து சாகும். நம் கடலிலேயே இது நடந்திருக்கிறது. 2010-ல் கடல் சூடானபோது பாயார், ரெடாங், தியோமான் தீவுகளைச் சுற்றிய 12 முக்குளிப்பு இடங்களை அரசாங்கம் பல மாதம் மூடி வைத்தது. 2024 ஏப்ரலில் உலக அளவில் நான்காவது பெரும் வெளுப்பு நடப்பதாக அமெரிக்கக் கடல் ஆய்வு அமைப்பு அறிவித்தது. பரந்த கடலுக்கே இந்தக் கதி என்றால், 200 லிட்டர் தண்ணீர் எவ்வளவு நேரம் தாங்கும்? கடலில் வாரக்கணக்கில் வரும் மாற்றம் வீட்டுத் தொட்டியில் ஒரே பிற்பகலில் வந்துவிடும். கண்ட்ரோலரின் தேவை இங்கேதான் பிறக்கிறது.

அது எப்படி வேலை செய்கிறது என்பதைத் தோட்டத்து ஆட்களுக்குச் சொல்வது சுலபம். விடியற்காலையில் பெரட்டு நடக்கும். கங்காணி ஆள் எண்ணுவார், யார் எந்த நிரைக்கு என்று பிரித்து அனுப்புவார். பால்வெட்டு அவர் வேலையல்ல. கண்ட்ரோலரும் அப்படித்தான். தண்ணீரைக் குளிர வைப்பது குளிர்விப்பான், நீர் ஊற்றுவது பம்பு. கண்ட்ரோலர் சில நொடிக்கு ஒருமுறை பெரட்டு எடுத்து, ‘நீ போ, நீ நில்’ என்று மட்டும் சொல்கிறது. உணரிகள் அதன் கண். மின் இணைப்புகளைத் திறந்து மூடும் ரிலே அதன் கை. நாள் முழுவதும் அது எழுதி வைக்கும் கணக்கு, கிராணியாரின் செக்ரோல் மாதிரி. கங்காணிக்குக் கண் மங்கினால் வேலை எப்படிக் கெடுமோ, அப்படியே உணரி பொய் சொன்னால் தொட்டி கெடும்.

நமக்கு எதிரி குளிர் அல்ல

அமெரிக்க, ஐரோப்பியக் காணொளிகளைப் பார்த்துத் தொடங்குவோர் முதலில் ஹீட்டரைத் தேடுகிறார்கள். கோலாலம்பூரில் அதற்குப் பெரும்பாலும் வேலையில்லை. குளிர்சாதனம் இல்லாத அறை மதியம் 31, 32 டிகிரி. விளக்கும் பம்பும் தங்கள் பங்குக்குச் சூடு சேர்க்கும். நம் பிரச்சினை தண்ணீரை 26 டிகிரியில் பிடித்து வைப்பது.

மலேசியக் கடலே பல மாதம் 29 டிகிரியில் இருக்கிறதே, தொட்டிக்கு மட்டும் ஏன் 26 என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பவளம் 29-ல் வாழும். ஆனால் 29-ல் வைத்திருக்கும் தொட்டியில் மின்சாரம் போனால், ஆபத்தான எல்லைக்கு ஓரிரு டிகிரிதான் மிச்சம். 26-ல் இருந்தால் உங்களுக்குச் சில மணி நேரம் கையில் இருக்கும். தண்ணீர் சூடேற ஏற அதில் கரையும் பிராணவாயுவும் குறையும்.

மலிவான வழி, நீர்ப்பரப்பின் மேல் சிறிய மின்விசிறி. ஆவியாதல் மூலம் ஓரளவு குளிரும். ஆனால் நம் ஊர் காற்றிலேயே ஈரப்பதம் அதிகம் என்பதால், வறண்ட நாட்டில் கிடைக்கும் பலன் இங்கே கிடைக்காது. இரண்டு டிகிரி இறங்கினால் நல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றது ‘சில்லர்’ எனும் குளிர்விப்பான். 200 வாட் சில்லர் நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 2.4 யூனிட், மாதம் 72 யூனிட். தெனாகா பில்லில் இது தெரியும். அது உறிஞ்சும் சூட்டை உங்கள் வரவேற்பறையில்தான் கொட்டும் என்பதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூடிய அலமாரிக்குள் சில்லரை அடைத்தால், தான் கக்கிய சூட்டைத் தானே இழுத்துத் திணறும்.

கண்ட்ரோலரில் வெப்ப எண்ணை அமைக்கும்போது ஒரே எண்ணைக் கொடுக்கக் கூடாது. 26.5-ல் சில்லரை ஓட்டு, 25.8-ல் நிறுத்து என்று இடைவெளி விட வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் நிமிடத்துக்கு நிமிடம் ஓடி நின்று கம்ப்ரசர் சீக்கிரம் போய்விடும். நின்ற கம்ப்ரசர் மறுபடி ஓட மூன்று முதல் ஐந்து நிமிடத் தாமதமும் வேண்டும்.

இனி உணரியின் பொய். வெப்ப உணரி தண்ணீரிலிருந்து நழுவி வெளியே தொங்கினால் என்ன ஆகும்? அது அறையின் காற்றை அளந்து 31 என்று சொல்லும். கங்காணி நம்பிவிடுவார். சில்லர் நிற்காமல் ஓடித் தொட்டி சில்லிட்டுப் போகும். கைப்பேசியில் ‘சூடு அதிகம்’ என்றே செய்தி வரும், நடப்பதோ நேர்மாறு. இதற்கு மருந்து பழைய வழிதான்: இரட்டைக் காவல். சில்லரிலேயே இருக்கும் தெர்மோஸ்டாட்டை 25-ல் வைத்துவிட்டு, கண்ட்ரோலரை 25.8-ல் வையுங்கள். மேலே இருப்பவர் தவறினாலும் கீழே இருப்பவர் நிறுத்துவார். அதோடு இரண்டு வெள்ளிக் கண்ணாடி வெப்பமானி ஒன்றைத் தொட்டியில் ஒட்டி வையுங்கள். அதற்கு மின்சாரமும் வேண்டாம், வைஃபையும் வேண்டாம்.

ஆவியாகும் நீர், குறையாத உப்பு

தொட்டியிலிருந்து நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கிவிடும். நீர் குறையக் குறைய உப்பின் செறிவு ஏறும். கடல் நீரில் கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு, அதாவது அடர்த்தி 1.025 அல்லது 1.026. அதைக் காக்க, ஆவியான அளவுக்கு நல்ல நீர் ஊற்ற வேண்டும். விசிறி வைத்த மூன்றடித் தொட்டிக்கு நாளொன்றுக்குச் சில லிட்டர் தேவைப்படலாம். தினமும் ஊற்ற முடிந்தவருக்கு இந்தத் தானியங்கி தேவையில்லை. வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு வருபவருக்கு நான் முதலில் வாங்கச் சொல்வது இதைத்தான், வெப்பக் கண்ட்ரோலருக்கு அடுத்தபடியாக.

கழிவறைத் தொட்டியில் மிதவை இருக்கிறதே, அதே தத்துவம். நீர்மட்டம் இறங்கினால் மிதவையோ ஒளி உணரியோ கண்டுபிடித்து, பக்கத்து வாளியிலிருந்து பம்பு நீர் ஏற்றும். மிதவையில் உப்புப் படிந்தாலோ ஒரு நத்தை ஏறி உட்கார்ந்தாலோ அது மாட்டிக்கொள்ளும். நத்தை என்றதும் சிரிக்க வேண்டாம், கடல் தொட்டிக்காரர்களுக்கு இது பழகிய கதை. அப்போது பம்பு நிற்காது.

ஆகவே கணக்குப் போட்டு வாளியைத் தேர்ந்தெடுங்கள். தொட்டியில் 200 லிட்டர், வாளியில் 25 லிட்டர் என்றால், முழு வாளியும் உள்ளே போனாலும் உப்பு 35-லிருந்து 31-க்கு இறங்கும். மோசம்தான், ஆனால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். வாளிக்குப் பதில் நேராகக் குழாய் நீரை இணைத்தால் எல்லையே கிடையாது. தொட்டி நன்னீராகி, கீழ்மாடி வீட்டுக் கூரையும் நனையும். குழாயோடு இணைக்கவே கூடாது. ஒரு தடவைக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் பம்பு ஓடக் கூடாது என்ற நேரக் கட்டுப்பாட்டையும் கண்ட்ரோலரில் எழுதி வையுங்கள்.

ஊற்றும் நீர் ஆர்.ஓ. வடிகட்டி வழியாக வந்த சுத்த நீராக இருக்க வேண்டும், குழாய் நீரில் உள்ள பாஸ்பேட், சிலிக்கா எல்லாம் பாசிக்கு உரம். நீர்த்தடை வந்தால் வடிகட்டியும் நிற்கும். 2020 செப்டம்பரில் சுங்கை சிலாங்கூர் மாசுபட்டுக் கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் அதிகமான வீடுகள், கடைகளின் இணைப்புகளுக்கு நீர் நின்றது நினைவிருக்கும். இரண்டு வாளி சுத்த நீர் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். மோரிப், போர்ட் கிள்ளான் கரையில் கடல் நீரை மொண்டு வரலாமே என்று கேட்பவர்களுக்கு: ஆற்று முகத்துவார நீர் சேறும் கழிவும் கலந்தது, உப்பும் ஒரே அளவில் இருக்காது. உப்புப் பொடி வாங்கிக் கரைப்பதே நல்லது.

வெற்றிலைச் சுண்ணாம்பும் பவளமும்

கல் பவளம் தன் எலும்புக்கூட்டை நீரிலுள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக் கட்டுகிறது. அது வளர வளர நீரில் இவை குறையும். கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், மக்னீசியம் 1250 முதல் 1350, காரத்தன்மை 7 முதல் 11 டி.கே.எச். என்பது பொதுவான வரம்பு. இதில் எண்ணை விட நிலைத்தன்மை முக்கியம். எட்டில் இருந்து பழகிய பவளத்துக்கு ஒரே நாளில் பத்துக்கு ஏறுவது அதிர்ச்சி.

குறைந்ததை நிரப்ப ஒரு பழைய வழி சுண்ணாம்பு நீர். பாட்டி வெற்றிலையில் தடவிய அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான். ஜெர்மன் மொழியில் ‘கால்க்வாசர்’ என்பார்கள், பீட்டர் வில்கென்ஸ் 1970-களில் இதைப் பவளத் தொட்டிக்குப் பரப்பினார். அதற்காகப் பெட்டிக்கடைச் சுண்ணாம்பை எடுத்துப் போட்டுவிடாதீர்கள், அதில் வேறென்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தெளிந்த சுண்ணாம்பு நீரின் பி.எச். 12-ஐத் தாண்டும். ஆவியாகும் நீருக்குப் பதிலாக இதையே தானியங்கியில் ஊற்றும் பழக்கம் உண்டு. மேலே சொன்ன நத்தை அன்றைக்கு மிதவையில் ஏறினால் தொட்டியில் ஒன்றும் மிஞ்சாது.

இப்போது அதிகம் பயன்படுவது டோசிங் பம்பு. கால்சியம் குளோரைடு ஒரு போத்தலில், சோடியம் பைகார்பனேட் அல்லது கார்பனேட் இன்னொன்றில், கண்ட்ரோலர் நாள் முழுவதும் சிறுசிறு அளவாகச் செலுத்தும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் ஊற்றினால் வெள்ளையாகத் திரிந்துவிடும், நேரம் பிரித்து வையுங்கள். போத்தலில் ஒரு வாரத்துக்கு மேற்பட்ட அளவு வைக்காதீர்கள். வாளிக்குச் சொன்ன அதே காரணம். காரத்தன்மையைத் தானே சோதித்து மருந்தைக் கூட்டிக் குறைக்கும் கருவிகளும் வந்துவிட்டன. நெப்டியூனின் ‘டிரைடெண்ட்’ நாளுக்கு நான்கு முறை சோதிக்கும். நல்ல கருவிதான். ஆனால் மூன்று மாதம் கையால் சோதித்து உங்கள் தொட்டி எவ்வளவு தின்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு வாங்குங்கள், அப்போதுதான் அது தவறான எண்ணைக் காட்டினால் உங்களுக்குச் சந்தேகம் வரும். பி.எச். உணரியும் அப்படியே. மாதம் ஒருமுறை 7, 10 திரவங்களில் முக்கித் திருத்த வேண்டும், ஓரிரு வருடத்தில் மாற்ற வேண்டும்.

மின்சாரம்: இங்கே விளையாட்டு வேண்டாம்

உப்பு நீர், 240 வோல்ட், அலமாரிக்குள் ஏழெட்டு பிளக். இது வீட்டில் குழந்தைகள் கைபடும் உயரத்தில் இருக்கிறது. நான் ஒரு தொட்டியைப் பார்க்கப் போனால் பவளத்தை விட்டுவிட்டு முதலில் அலமாரியைத் திறந்து பார்ப்பதே வழக்கம். எக்ஸ்டென்ஷன் தரையில் கிடந்தால் அந்தத் தொட்டிக்காரரிடம் மற்ற எதையும் பேசிப் பயனில்லை.

மின்கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும். பழைய வீடுகளில் அது 100 மில்லிஆம்பியராகவே இருக்கலாம். அது தீ விபத்தைத் தடுக்கும், ஆளைக் காப்பாற்ற அது போதாது. 1994 மின்சார விதிமுறைகள் கையில் பிடிக்கும் கருவிகளுக்கு 30, ஈரக் கைகால் படும் இடங்களுக்கு 10 மில்லிஆம்பியர் என்று வகுத்திருக்கின்றன. தொட்டி இருக்கும் சுவர் இணைப்புக்குத் தனியாக ஒன்று போட, சுருஹான்ஜாயா தெனாகா சான்றிதழ் பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். மாதம் ஒருமுறை அதன் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு கம்பியும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிப் பிறகு மேலேறட்டும். கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே இடி மின்னல் அதிகமான பகுதிகளில் ஒன்று. மதியம் இடி இடித்ததும் ஆர்.சி.சி.பி. விழும், தெருவில் எல்லா வீட்டிலும் மின்சாரம் இருக்கும், உங்கள் வீட்டில் மட்டும் இருக்காது. நீங்கள் அலுவலகத்தில். கண்ட்ரோலருக்கும் மின்சாரம் இல்லாததால் அது செய்தி அனுப்பாது. செய்தி வராததையே எல்லாம் நலம் என்று எடுத்துக்கொள்வீர்கள். எனவே கண்ட்ரோலரையும் வைஃபை ரூட்டரையும் சிறிய யு.பி.எஸ். ஒன்றில் இணையுங்கள். தொட்டியின் இணைப்பு அறுந்தால் மேகச் சேவையிலிருந்து எச்சரிக்கை வரும் வசதி இருக்கிறதா என்று வாங்கும் முன் கேளுங்கள்.

மின்சாரம் போனால் முதலில் கொல்வது சூடல்ல, மூச்சுத்திணறல். நீர் அசையாவிட்டால் சில மணி நேரத்தில் பிராணவாயு தீரும். 2022 ஜூலை 27-ல் ஜோகூர், யோங் பெங்கில் ஏற்பட்ட பழுதால் தலைநகர் வட்டாரம் வரை பல இடங்களில் மின்சாரம் நின்றது. பேட்டரியில் ஓடும் காற்று பம்பு, மின்சாரம் நின்றதும் தானே ஓடத் தொடங்கும் வகை, ஓர் இரவைக் கடத்திவிடும். ஆயிரக்கணக்கில் கண்ட்ரோலர் வாங்கி இதை வாங்காமல் விட்டவர்கள் உண்டு. 2021 டிசம்பரில் ஷா ஆலம், ஸ்ரீ மூடா, கிள்ளான் பகுதிகளில் வெள்ளம் வீட்டுக்குள் ஏறியது போன்ற நேரத்தில் மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு ஆட்கள் வெளியேறுவதே வேலை. தொட்டியைப் பிறகு பார்க்கலாம்.

கண்ட்ரோலரின் மூளைக்கும் மின்பட்டைக்கும் இடையே தொடர்பு அறுந்தால் எந்தெந்த பிளக் ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்றும் முன்கூட்டியே எழுதலாம். நீரைச் சுழற்றும் பம்பு ஓட வேண்டும். டோசிங் பம்பும் நீர் ஏற்றும் பம்பும் நிற்க வேண்டும். பலர் இந்தப் பக்கத்தைத் திறந்தே பார்ப்பதில்லை.

எதை வாங்குவது?

கலிபோர்னியாவின் நெப்டியூன் ‘ஏபெக்ஸ்’, ஜெர்மனியின் ஜி.எச்.எல். ‘புரோஃபிலக்ஸ்’, ‘ஹைட்ரோஸ்’ ஆகியவை பெயர் பெற்றவை. அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வருவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சந்தைக்கான மின்பட்டை 120 வோல்ட்டுக்கானது, நம் வீட்டில் செருகக் கூடாது. புதிதாகத் தொடங்குபவருக்கு இங்க்பேர்ட் போன்ற எளிய வெப்பக் கண்ட்ரோலரும், தனியாக ஒரு நீர்மட்டத் தானியங்கியும் போதும் என்பது என் கருத்து. ஒன்று கெட்டால் மற்றது ஓடும்.

கணினி, மின்னணு படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ‘ரீஃப்-பை’யைச் சொல்லிக் கொடுங்கள். ரஞ்சிப் டே எனும் மென்பொருளாளர் தொடங்கிய இலவசத் திட்டம் இது. ராஸ்பெரி பை எனும் உள்ளங்கை அளவு கணினியில் ஓடும். அமெரிக்காவின் ஆடாஃப்ரூட் நிறுவனம் படிப்படியாகச் செய்முறை வெளியிட்டிருக்கிறது. உணரி, நிரல் வரை பிள்ளைகள் கை வைக்கட்டும், 240 வோல்ட் பக்கம் வயர்மேன் கை வைக்கட்டும்.

வைஃபையில் இணையும் கருவிக்கு வாங்கிய அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். வட அமெரிக்கச் சூதாட்ட விடுதி ஒன்றின் மீன் தொட்டிக் கருவி வழியாகத் திருடர்கள் உள்ளே புகுந்து, 10 ஜிகாபைட் தகவலைப் பின்லாந்திலுள்ள கணினிக்கு அனுப்பியதை 2017-ல் டார்க்டிரேஸ் நிறுவனம் வெளியிட்டது. நம் வீட்டில் சூதாட்டப் பணம் இல்லை, ஆனால் அதே வைஃபையில்தான் வங்கிக் கணக்கைத் திறக்கிறோம்.

இவ்வளவும் இல்லாமல் பவளம் வளர்க்க முடியாதா? முடியும். ஜகார்த்தாவின் லீ சின் எங், உயிருள்ள கடல் பாறையும் காற்றுக் குமிழும் வெளிச்சமும் கொண்டு பவளம் வளர்த்த முறையை 1961-லேயே அமெரிக்க மீன் வளர்ப்பு இதழ் ஒன்றில் எழுதினார். அவருக்குப் பக்கத்தில் கடல் இருந்தது, தொட்டியைத் தினமும் பார்க்கும் கண்ணும் இருந்தது. மென்பவளம் சில, இரண்டு கோமாளி மீன் என்று அளவோடு வைப்பவருக்கு இன்றும் அது போதும்.

பவளத்தை எங்கே வாங்குகிறோம் என்பதும் பேச வேண்டியது. கல் பவளங்கள் எல்லாம் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை, நம் நாட்டில் 2008-ன் அருகிவரும் உயிரின அனைத்துலக வாணிபச் சட்டத்தின் கீழ் வருபவை. கடல் பூங்காத் தீவுகளுக்குச் சுற்றுலா போய் ஒரு துண்டை உடைத்து வருவது குற்றம். கடைக்காரரிடம் இறக்குமதிப் பெர்மிட் பற்றிக் கேளுங்கள், அல்லது வளர்ப்பவர்கள் தங்கள் தொட்டியில் வெட்டி வளர்த்த துண்டுகளை வாங்குங்கள். அவை நம் ஊர் வீட்டுச் சூழலுக்குப் பழகியவை, விலையும் குறைவு.

தீபாவளிக்கு ஈப்போ, பினாங்கு என்று நான்கு நாள் கிளம்பும் முன், ஒரு வாரம் முன்பே ஒத்திகை பாருங்கள். வீட்டில் இருந்துகொண்டே தொட்டியைத் தொடாமல் இரண்டு நாள் விடுங்கள். பிறகு மெயின் சுவிட்சை ஐந்து நிமிடம் அடைத்துத் திறந்து, எல்லாம் தானாக எழுந்து ஓடுகிறதா என்று பாருங்கள். நம் ஈரக் காற்றில் தானியங்கித் தீனிப் பெட்டிக்குள் உணவு கட்டியாகிவிடும், மீன்கள் இரண்டொரு நாள் பட்டினியைத் தாங்கும், அதை விட்டுவிடலாம். பக்கத்து வீட்டில் ஒருவரிடம் சாவி இருக்கட்டும். ஒவ்வொரு பிளக்கிலும் எண்ணும் பெயரும் எழுதி ஒட்டி வையுங்கள். நடுராத்திரியில் எச்சரிக்கை வந்தால், “அண்ணே, மூணாம் நம்பர் பிளக்க மட்டும் பிடுங்கிவிடுங்க” என்று ஈப்போவிலிருந்தே சொல்லிவிடலாம்.